குக்குலு: தார்ப் பாலைவன மருந்துத் தாவரத்தின் வலிதணிக்கும் பண்பும் அழற்சி தணிக்கும் பண்பும்

ஆய்வுச் சுருக்கம்

இராசத்தான், குசராத்து, சிந்து ஆகிய வறண்ட நிலப்பகுதிகளில் வளரும் குக்குலு என்னும் முட்புதரின் பிசின், இந்திய மரபு மருத்துவத்தில் மூட்டுவலிக்கும் வீக்கத்திற்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதன் வலிதணிக்கும் பண்பு, அழற்சி தணிக்கும் பண்பு ஆகியவற்றிற்கு மரபு நூல்களும் ஆய்வகச் சோதனைகளும் மனிதர்மீது நடத்தப்பெற்ற ஆய்வுகளும் தரும் சான்றுகளை இக்கட்டுரை தனித்தனியே மதிப்பிடுகிறது. தமிழில் ‘குங்கிலியம்’ என்னும் சொல் பல தாவரங்களின் பிசின்களைக் குறிப்பதால் எழும் பெயர்க்குழப்பத்தையும், பிசின் எடுக்கும் முறையால் தாவரம் அழிந்து வருவதையும் இணைத்து ஆராய்கிறது. பெயர்த் தெளிவு, சான்றுத் தெளிவு, தாவரப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி இம்மருந்தைப் பற்றிய எந்தக் கூற்றும் நிறைவுபெறாது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: குக்குலு, குங்கிலியம், பாலைவனத் தாவரம், அழற்சி, வலிதணிப்பு, குக்குல்ஸ்டெரோன், பிசின்.

முன்னுரை

தமிழ் மரபில் பாலை என்பது தனித்த மணல்வெளியைக் குறிப்பதன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. ஆனால் இந்தியாவின் வடமேற்கிலுள்ள தார் நிலம் ஆண்டு முழுவதும் வறட்சியையே இயல்பாகக் கொண்டது. அந்நிலத்தில் வாழும் தாவரங்கள் நீரைச் சேமிக்கவும், வெப்பத்தைத் தாங்கவும், பூச்சிகளையும் விலங்குகளையும் தவிர்க்கவும் பல வேதிப்பொருள்களை உருவாக்கிக்கொள்கின்றன. மனிதர் அவற்றுள் சிலவற்றை மருந்தாகக் கண்டறிந்தனர். அவ்வகையில் முதன்மையானது குக்குலு.

இன்று மருந்துக் கடைகளில் ‘யோகராஜ குக்குலு’ முதலிய பெயர்களில் மாத்திரைகள் எளிதில் கிடைக்கின்றன. மூட்டுவலியால் துன்புறுவோர் பலர் அவற்றை உட்கொள்கின்றனர். அம்மருந்து உண்மையில் எதைச் செய்கிறது, எந்த அளவிற்கு மெய்ப்பிக்கப்பட்டுள்ளது, அதனைத் தரும் தாவரத்தின் நிலை என்ன என்னும் வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

1. தாவரமும் நிலமும்

குக்குலுவின் தாவரவியல் பெயர் கோமிஃபோரா வைட்டியை என்பதாகும். முன்னர் இது கோமிஃபோரா முகுல் என்று வழங்கப்பட்டது. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இப்பெயரே மிகுதியாகக் காணப்படுகிறது. ‘வைட்டியை’ என்னும் அடைமொழி, சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தென்னிந்தியத் தாவரங்களை விரிவாகப் பதிவு செய்த ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட்டின் (1796–1872) நினைவாக அமைந்தது.

இத்தாவரம் பர்செரேசியே குடும்பத்தைச் சார்ந்தது. வெள்ளைப்போளம், குந்திரிக்கம் ஆகிய நறுமணப் பிசின்களைத் தரும் தாவரங்களும் இக்குடும்பத்தினவே. குக்குலு பெரும்பாலும் 1 முதல் 3 மீட்டர் உயரம் வளரும். கிளைகள் கோணலாக வளைந்து கூர்முனையில் முடியும். பட்டை மெல்லிய தாள்போல் உரியும். ஆண்டின் பெரும்பகுதி இலையின்றி நிற்கும் இச்செடி, மழைக்காலத்தில் மட்டும் சிறிய இலைகளை விடுகிறது. இராசத்தானின் பாறைக்குன்றுகள், குசராத்தின் கச்சு, சௌராட்டிரப் பகுதிகள், பாகிஸ்தானின் சிந்து, பலூசிஸ்தான் ஆகியவை இதன் வாழிடங்கள்.

மருந்தாவது இலையோ வேரோ அன்று. உட்பட்டையில் அமைந்த நுண்குழல்களில் ஊறும் பிசினே மருந்தாகிறது. பட்டையில் காயம் ஏற்படும்போது இப்பிசின் வெளியே கசிந்து, காற்றுப்பட்டு இறுகி, காயத்தை மூடுகிறது. நறுமண எண்ணெய், பிசின், நீரில் கரையும் கோந்து ஆகிய மூன்றும் இதில் கலந்துள்ளன. தாவரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளச் சுரக்கும் பொருளையே மனிதர் தம் வலிக்கு மருந்தாகக் கொள்கின்றனர் என்பது கருதத்தக்கது. இவ்வுண்மை கட்டுரையின் இறுதிப் பகுதியில் மீண்டும் எண்ணத்தக்கதாகும்.

2. பெயரும் பெயர்க்குழப்பமும்

அதர்வ வேதத்தில் குக்குலுவின் நறுமணம் நோயை அணுகவிடாது என்னும் கருத்து இடம்பெறுகிறது. சிந்துப் பகுதியைச் சார்ந்தது, கடல்வழி வந்தது என இருவகைக் குக்குலுவும் அங்குக் குறிக்கப்படுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘எரித்திரையக் கடற்பயணக் கையேடு’ என்னும் கிரேக்க நூல், ‘பிடெல்லியம்’ என்னும் பிசின் சிந்து முகத்துவாரத்திலிருந்த பார்பரிகம், குசராத்தின் பாருகச்சம் ஆகிய துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியானதைக் குறிப்பிடுகிறது. வணிகத் துறைமுகங்களின் அமைவிடம், குக்குலு வளரும் நிலப்பகுதியோடு பொருந்துகிறது.

தமிழில் நிலைமை சிக்கலானது. ‘குங்கிலியம்’ என்னும் சொல் வடமொழிக் ‘குக்குலு’வோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. ஆயினும் சித்த மருத்துவத்தில் குங்கிலியம் என்பது பெரும்பாலும் சால மரத்தின் பிசினையே குறிக்கிறது. குங்கிலிய பற்பம், குங்கிலிய வெண்ணெய் ஆகிய மருந்துகள் அப்பிசினைக் கொண்டே செய்யப்படுகின்றன. ‘குக்கில்’ என்னும் வழக்கும் சாலப் பிசினுக்கு உண்டு. கருங்குங்கிலியம் என்பது மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் வேறொரு மரத்தின் பிசின். பெரியபுராணத்தில் திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார், மனைவியின் தாலியை விற்றுக் குங்கிலியப் பொதி வாங்கித் தூபமிட்ட செய்தி இடம்பெறுகிறது. அக்குங்கிலியம் எத்தாவரத்தின் பிசின் என்பதைச் சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்தல் இயலாது.

வடநாட்டு வணிகத்திலும் இக்குழப்பம் உள்ளது. ‘சலாய் குக்குல்’ என விற்கப்படுவது குந்திரிக்க இனத்தைச் சார்ந்த வேறொரு மரத்தின் பிசினாகும். சால மரம், குந்திரிக்க மரம், குக்குலுப் புதர் ஆகியவற்றின் பிசின்கள் வேதியியலில் வேறுபட்டவை. ஒன்றைப்பற்றிய ஆய்வு முடிவை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறுதல் பிழையாகும். தமிழில் மருத்துவக் கட்டுரைகளை எழுதுவோர், ‘குங்கிலியம்’ என்று பொதுப்பட எழுதாமல், சாலக் குங்கிலியம், கருங்குங்கிலியம், குக்குலு எனப் பிரித்து வழங்குதல் வேண்டும். அகராதித் தொகுப்பாளர்களுக்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது.

3. மரபு மருத்துவ நூல்களில் குக்குலு

சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் வாதநோய்களைப் பற்றிய இயலில் குக்குலுவின் குணங்கள் விரிவாகக் கூறப்படுகின்றன. புதிய குக்குலு உடலை வளர்க்கும் என்றும், பழைய குக்குலு உடலில் மிகுந்தவற்றைக் குறைக்கும் என்றும் மரபு வேறுபடுத்துகிறது. சார்ங்கதர சங்கிதையில் குக்குலுவை முதன்மைப் பொருளாகக் கொண்ட யோகராஜ குக்குலு, கைசோர குக்குலு முதலிய கூட்டு மருந்துகள் இடம்பெறுகின்றன. இவற்றுள் முதலாவது மூட்டுகளில் வலியும் வீக்கமும் தரும் வாதநோய்களுக்கும், இரண்டாவது வாதரக்தம் எனப்படும் நோய்க்கும் தரப்படுவன.

இங்கு இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, மரபு நூல்கள் குக்குலுவைத் தனித்து வழங்குவதைவிடத் திரிபலை, சுக்கு, மிளகு, திப்பிலி முதலியவற்றோடு சேர்த்து வழங்குவதே மிகுதி. இரண்டாவது, பயன்படுத்துமுன் சுத்தி செய்தல் வேண்டும் என்னும் விதி. பிசினைத் துணியில் முடிந்து திரிபலைக் குடிநீர், பால் அல்லது கோமியத்தில் தொங்கவிட்டுக் காய்ச்சி, கல், மணல், பட்டைத்துண்டு முதலியவற்றை நீக்கி எடுப்பர். பண்படுத்தாத பிசின் வயிற்றிற்கும் தோலுக்கும் ஊறு விளைவிக்கும் என்னும் பட்டறிவே இவ்விதிக்கு அடிப்படை. பிற்கால வேதியியல் ஆய்வுகளும் இதனோடு ஒத்துச்செல்கின்றன. எத்தில் அசிட்டேட்டில் கரையும் பகுதியிலேயே மருந்தாற்றல் மிகுதியாக இருப்பதாகவும், கரையாத பகுதி நச்சுத்தன்மை உடையதாகவும் அவ்வாய்வுகள் கண்டன.

4. அழற்சியும் வலியும்: இயங்குமுறை

திசு சிதையும்போதோ கிருமி நுழையும்போதோ உடல் காட்டும் தற்காப்பு எதிர்வினையே அழற்சி. சிவத்தல், வீங்குதல், வெம்மை, வலி ஆகிய நான்கும் அதன் அடையாளங்கள். உயிரணுச் சவ்விலிருந்து விடுபடும் அராக்கிடோனிக் அமிலத்தைச் சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் நொதி மாற்றுவதன் வழியாகப் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. இவை குருதிநாளங்களை விரியச் செய்கின்றன. நரம்பு முனைகளின் உணர்திறனை மிகுவித்து, சிறு அழுத்தத்தையும் வலியாக உணரச் செய்கின்றன. ஐபுபுரோஃபென் முதலிய மருந்துகள் இந்நொதியைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன.

இதனினும் முன்நிலையில் இயங்குவது ‘என்.எஃப். கப்பா-பி’ என்னும் புரதத் தொகுதி. அமைதிநிலையில் இது மற்றொரு புரதத்தால் கட்டப்பட்டு உயிரணுவின் உட்கருவிற்கு வெளியே நிற்கிறது. அழற்சிக்கான தூண்டல் வந்ததும் கட்டு அறுந்து உட்கருவில் நுழைந்து, அழற்சியை வளர்க்கும் பல மரபணுக்களைச் செயற்படுத்துகிறது. ஆகவே, ஒரு மருந்து வலியை நேரடியாகத் தணிக்கிறதா, அழற்சியைத் தணிப்பதன் வழியாக வலியைக் குறைக்கிறதா என்பதை வேறுபடுத்திப் பார்த்தல் தேவையாகிறது. இவ்வேறுபாடு குக்குலுவிற்குப் பெரிதும் பொருந்தும்.

5. ஆய்வகச் சான்றுகள்

குக்குலுவின் மூட்டழற்சி எதிர்ப்புப் பண்பைக் குறித்து 1960ஆம் ஆண்டிலேயே குஜ்ரால் முதலிய இந்திய மருந்தியலாளர்கள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். 1977இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், முயல்களின் பின்கால் மூட்டில் செயற்கையாக அழற்சி உண்டாக்கப்பட்டு, குக்குலுவிலிருந்து பிரித்த ஒரு பகுதிப்பொருள் ஃபினைல்பியூட்டசோன், ஐபுபுரோஃபென் ஆகியவற்றோடு ஒப்பிடப்பட்டது. ஐந்து மாதச் சோதனையில் மூன்றுமே மூட்டு வீக்கத்தைக் குறைத்தன. ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு ஏனைய இரு மருந்துகளும் 100 மில்லிகிராம் அளவிலும், குக்குலுப் பகுதிப்பொருள் 500 மில்லிகிராம் அளவிலும் தரப்பட்டன. விளைவு ஒத்திருந்தாலும் அதற்குத் தேவைப்பட்ட அளவு ஐந்து மடங்கு என்பதைச் சேர்த்தே இம்முடிவைப் படித்தல் வேண்டும். இவ்வேறுபாடு பரப்புரை எழுத்துகளில் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

1970களின் தொடக்கத்தில் சுக்தேவ் முதலிய வேதியியலாளர்கள் குக்குலுப் பிசினிலிருந்து குக்குல்ஸ்டெரோன் என்னும் ஸ்டீராய்டு வகைச் சேர்மத்தை ‘இ’, ‘இசட்’ என்னும் இரு வடிவங்களில் பிரித்தறிந்தனர். குக்குல்ஸ்டெரோன் என்.எஃப். கப்பா-பி செயற்படுவதைத் தடுக்கிறது எனப் பின்னர் உயிரணு வளர்ப்புச் சோதனைகள் காட்டின. எலிகளில் உண்டாக்கப்பட்ட குடல் அழற்சியை அது குறைத்ததும் பதிவாகியுள்ளது. மரபு மருத்துவம் ‘வீக்கம் வற்றும்’ என்று கூறியதற்கு ஒரு மூலக்கூறு நிலை விளக்கம் இதனால் கிடைக்கிறது.

வலிதணிப்பைப் பொறுத்தவரை இன்னும் நிதானம் தேவை. 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்று, வெள்ளைப்போளத்திலுள்ள சில சேர்மங்கள் மூளையிலுள்ள ஓபியாய்டு ஏற்பிகள் வழியாக வலியைத் தணிப்பதாகக் கண்டறிந்தது. வெள்ளைப்போளமும் குக்குலுவும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை என்பதால், இம்முடிவைக் குக்குலுவிற்கும் உரியதாகச் சிலர் எழுதுகின்றனர். பேரினம் ஒன்றாயினும் பிசின்களின் சேர்மங்கள் வேறு. ஆகவே, குக்குலுவின் வலிதணிக்கும் பண்பை அழற்சித் தணிப்பின் விளைவாகக் கொள்வதே இன்றைய சான்றுகளுக்குப் பொருத்தமாகும்.

6. மனிதர்மீதான ஆய்வுகளும் ஒரு படிப்பினையும்

முழங்கால் மூட்டுத் தேய்வு நோயாளர் 30 பேருக்குக் குக்குலு 500 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்றுமுறை தரப்பட்ட ஆய்வு 2003இல் வெளியானது. ஒரு மாதத்தில் வலி, விறைப்பு, இயக்கம் ஆகியவற்றை அளக்கும் மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெரிந்தது. ஆயினும் மருந்துப்போலி உண்ட ஒப்பீட்டுக்குழு இவ்வாய்வில் இல்லை. மூட்டுவலி இயல்பாகவே ஏறி இறங்கும் தன்மையது. மருத்துவரின் கவனிப்பும் மருந்தின்மீதுள்ள நம்பிக்கையும் வலியுணர்வை மாற்றக்கூடியன. எனவே, இம்முடிவை நம்பிக்கை தரும் தொடக்கமாகக் கொள்ளலாமேயன்றி உறுதிப்பாடாகக் கொள்ளுதல் இயலாது.

இத்தகைய நிதானம் ஏன் வேண்டும் என்பதற்குக் குக்குலுவின் வரலாற்றிலேயே ஒரு சான்று உள்ளது. சுசுருத சங்கிதையின் கொழுப்பு நோய் விளக்கத்தை அடிப்படையாகக் கொண்டு 1966இல் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்தியவதி தம் ஆய்வேட்டை வழங்கினார். முயல்களில் குக்குலு கொலஸ்டிராலைக் குறைத்ததை அவ்வாய்வு காட்டியது. மரபு நூலொன்றின் கூற்றை ஆய்வகத்தில் சோதித்த முன்னோடி முயற்சி அது. அதன் தொடர்ச்சியாக இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘குக்குலிப்பிட்’ என்னும் மருந்து 1980களில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஆனால் 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வில், 103 பேர் எட்டு வாரம் கண்காணிக்கப்பட்டனர். மருந்துப்போலி உண்டோரோடு ஒப்பிட, குக்குலு உண்டோரிடம் தீய கொலஸ்டிரால் குறையவில்லை, சிறிது உயர்ந்தது. அவருள் ஆறு பேருக்குத் தோலில் ஒவ்வாமைத் தடிப்பு தோன்றியது.

இதனால் மரபு அறிவு பொய்த்தது என்று கூறுதல் பொருந்தாது. மரபு நூல் கூறியது சுத்தி செய்த, பழமை கொண்ட, பிற மூலிகைகளோடும் உணவு விதிகளோடும் கூடிய குக்குலு. சோதிக்கப்பட்டது தனித்துப் பிரித்த சாறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ள இயலாது. அதேவேளையில், மரபு நூலின் பெயரால் விற்கப்படும் இன்றைய மாத்திரைக்கு அந்நூலே சான்றாகிவிடாது என்பதும் இதனால் பெறப்படுகிறது. மூட்டுவலி குறித்தும் ஒப்பீட்டுக்குழுவுடன் கூடிய பெரிய ஆய்வுகள் நிகழ்தல் வேண்டும்.

7. எச்சரிக்கைகள்

குக்குலு மூலிகையாதலால் தீங்கற்றது என்னும் எண்ணம் பிழையானது. வயிற்றுக்கோளாறு, தலைவலி, தோல் தடிப்பு ஆகியவை பதிவாகியுள்ளன. இரத்த அழுத்தத்திற்கும் இதயநோய்க்கும் தரப்படும் புரோப்ரனலால், டில்டியாசெம் ஆகிய மருந்துகள் குருதியில் சேரும் அளவைக் குக்குலு குறைத்தது 1994ஆம் ஆண்டு ஆய்வொன்றில் கண்டறியப்பட்டது. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைக் குக்குல்ஸ்டெரோன் தூண்டுவதும் அறியப்பட்டுள்ளது. மூட்டுவலி உடையோர் பலர் முதியவர். இரத்த அழுத்த மருந்து உண்போர். எனவே அவர்கள் மருத்துவரிடம் கூறாமல் குக்குலு மாத்திரைகளை உட்கொள்ளுதல் இடருக்கு வழிவகுக்கும். கருவுற்ற மகளிரும் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

8. காயமும் பிசினும்: அழிவின் விளிம்பில் தாவரம்

மருந்தின் ஆற்றலைப் பற்றிய ஆய்வு, மருந்தைத் தரும் தாவரத்தின் நிலையைக் கருதாமல் நிறைவுறாது. மரபான முறையில் குளிர்காலத்திலும் கோடையிலும், முதிர்ந்த செடியின் தண்டில் ஆழமற்ற கீறல்கள் இட்டுப் பிசின் சேகரிப்பர். ஒரு செடி ஒரு பருவத்தில் ஏறத்தாழ 200 முதல் 500 கிராம் பிசினே தரும். செடி முதிர எட்டு முதல் பத்து ஆண்டுகள் தேவை.

தேவை பெருகியதும் முறை மாறியது. அடித்தண்டில் ஆழமாக வெட்டி, பிசின் மிகுதியாகக் கசியும் பொருட்டு விலங்குகளின் சிறுநீர், மயில்துத்தம் முதலியவற்றாலான பசையைக் காயத்தில் பூசும் வழக்கம் பரவியது. பிசின் பெருகும், செடி விரைவில் பட்டுப்போகும். 1980களின் இறுதியில் எத்திஃபான் என்னும் வளர்ச்சியூக்கியைத் தக்க அளவில் செலுத்திப் பிசின் அளவை 22 மடங்குவரை உயர்த்தலாம் என ஆய்வாளர் கண்டனர். அளவறியாமல் பயன்படுத்தும்போது அதுவும் செடியின் இறப்பிற்கே காரணமாகிறது.

இத்தாவரத்தின் இனப்பெருக்க இயல்பும் இழப்பை ஈடுசெய்யத் துணைநிற்பதில்லை. 1996இல் வெளியான ஆய்வொன்று, குக்குலு பெரும்பாலும் கருவுறுதலின்றியே விதைகளை உருவாக்குவதையும் ஆண் செடிகள் மிக அரிதாக இருப்பதையும் காட்டியது. விதை முளைக்கும் வீதமும் குறைவு. மேய்ச்சல், விறகு வெட்டுதல், கல் உடைத்தல் ஆகியவற்றால் வாழிடமும் சுருங்கியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் குக்குலுவை அழிவின் உச்சநிலையிலுள்ள இனமாகத் தன் சிவப்புப் பட்டியலில் வகைப்படுத்தியுள்ளது. அஜ்மீருக்கு அருகிலுள்ள மாங்லியாவாசில் அரசின் ஆயுர்வேத ஆராய்ச்சி அமைப்பு குக்குலுப் பண்ணையொன்றை அமைத்தது. தண்டுத் துண்டுகளை நட்டு வளர்க்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.

பிசின் அருகுவதன் விளைவு நோயாளரையும் சென்றடைகிறது. உண்மைக் குக்குலு அரிதாகி விலை உயரும்போது வேறு பிசின்கள் அதன் பெயரில் கலக்கப்படுகின்றன. இரண்டாம் பகுதியில் கூறிய பெயர்க்குழப்பம் இக்கலப்படத்திற்கு எளிதில் இடமளிக்கிறது. மருந்துப்பொருளின் அடையாளமே ஐயத்திற்குரியதாகும்போது, அதன் வலிதணிக்கும் பண்பை ஆராய்ந்த முடிவுகளை நோயாளர் உண்ணும் மாத்திரைக்குப் பொருத்திக் கூறுதல் இயலாமற்போகிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிக் கண்டறியப்பட்ட முடிபுகள் பின்வருமாறு:

1. குக்குலுவின் அழற்சி தணிக்கும் பண்பிற்கு மரபு நூல்களும் விலங்கு, உயிரணுச் சோதனைகளும் ஒத்த திசையில் சான்று தருகின்றன. வலிதணிக்கும் பண்பு, அழற்சித் தணிப்பின் வழி விளைவதாகக் கொள்ளத்தக்கது.

2. மூட்டுநோயாளரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு நம்பிக்கையளிப்பினும் ஒப்பீட்டுக்குழு இன்மையால் உறுதியானதன்று. கொலஸ்டிரால் குறித்த வரலாறு, இந்நிலையில் விரைந்து முடிவு கூறலாகாது என்பதை உணர்த்துகிறது.

3. சாலக் குங்கிலியம், கருங்குங்கிலியம், குக்குலு ஆகிய பெயர்களைத் தமிழில் வரையறுத்து வழங்குதல், சொல்லாய்விற்கு மட்டுமன்றி நோயாளரின் நலத்திற்கும் இன்றியமையாதது.

4. பிசின் என்பது காயமுற்ற தாவரத்தின் தற்காப்பு. அக்காயம் ஆறுமளவிற்கு ஆழமற்றதாகவும், செடிக்குப் போதிய ஓய்வு தருவதாகவும் அமைந்தாலன்றி மருந்தும் தொடராது, அதனைப் பற்றிய ஆய்வும் தொடராது. எனவே குக்குலுவைப் பரிந்துரைக்கும் ஒவ்வொரு மருத்துவ எழுத்தும், அப்பிசின் வளர்ப்புப் பண்ணையிலிருந்து பெறப்பட்டதா, காட்டுச் செடியிலிருந்து பெறப்பட்டதா என்னும் வினாவையும் சேர்த்து எழுப்புதல் வேண்டும்.